வயிற்றில் கேஸ் என்றே மூன்று வருடம் போனது: ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொண்ட என் அனுபவம்

2013 நவம்பரில் எனக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்து, தொப்புளுக்குக் கீழே நேராகக் கீறி ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது மூன்றே விஷயம். மூன்று மாதம் குடம் தூக்கக் கூடாது, தையல் போட்ட இடம் நனையக் கூடாது, மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மூன்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். தழும்பும் அழகாக ஆறியது. நான் தையல்காரி, தையலைப் பார்த்தால் கையைச் சொல்லிவிடுவேன். நல்ல கைதான் போட்டிருந்தது. ஆனால் உள்ளேயும் தழும்பு உண்டாகும், அது பல வருடம் கழித்துக் குடலைப் பிடித்து இழுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. வயிற்றில் கத்தி பட்ட யாராவது இதைப் படித்தால், எனக்கு ஆன செலவில் பாதியாவது அவர்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தேங்காய்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். போட் இறங்கினால் 30, 40 நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போனும் கிடைக்காது. வீட்டில் மாமியும் மகளும் நானும்தான். அதனால் பின்னால் வரும் கதையில் முடிவு எடுத்ததெல்லாம் நான் ஒருத்தி. தப்பாக எடுத்ததும் நான்தான்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2019-ல்தான் ஆரம்பித்தது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்த ராத்திரி தொப்புளைச் சுற்றி ஒரு பிடி. யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல ஏறும், இரண்டு மூன்று நிமிடத்தில் விடும், மறுபடி ஏறும். வயிற்றுக்குள் குடுகுடுவென்று ஓடும் சத்தம் பக்கத்தில் படுத்திருந்த மகளுக்கே கேட்டது. விடிவதற்குள் தானாக அடங்கிவிட்டது. கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். ஓமத்தண்ணீர், சுக்குக் காப்பி, மெடிக்கல் ஸ்டோரில் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை என்று அது நெருங்கி வந்தது. டாக்டரிடம் போனால் வெறும் வயிற்றில் போடும் அல்சர் மாத்திரை எழுதுவார்கள். வயிற்று ஸ்கேன் மூன்று இடத்தில் எடுத்தேன், மூன்றிலும் நார்மல். எண்டோஸ்கோப்பி செய்ததில் லேசான இரைப்பைப் புண் என்று வந்தது. இந்த வயதில் யாருக்குத்தான் அது இல்லை?

கடைசியில் மாமி சொன்னதைக் கேட்டு ஒரு ஆசானிடம் போனேன். எங்கள் மாவட்டத்தில் வர்ம வைத்தியத்துக்கு மதிப்பு அதிகம். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் நானே போயிருக்கிறேன், குறை சொல்லமாட்டேன். "குடல் ஏறிக் கெடக்கு, ஏழு நாள் எண்ணெ போட்டுத் தடவி எறக்கணும்" என்றார். ஏழு நாளுக்கு 5,500 ரூபாய். வயிறு லேசானது போலத்தான் இருந்தது. பத்தாவது நாள் பழைய வலி அப்படியே வந்தது. 2019 முதல் 2021 வரை ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஃபீஸ், மருந்து, எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 22,000-க்குப் பக்கம் போயிருக்கிறது. இத்தனை இடத்திலும் என் தழும்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டவர் யாருமில்லை. சேலையை இடுப்பில் சற்று இறக்கினால் தெரிகிற தழும்புதான். நானும், பழைய அப்பெண்டிக்ஸுக்கும் இப்போதைய கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று வாயைத் திறக்கவில்லை. இந்த முழுக் கதையிலும் என்னை அதிகம் குத்துவது இதுதான். வயிற்று வலி என்று எந்த டாக்டரின் முன்னால் உட்கார்ந்தாலும், எங்கே வலிக்கிறது என்பதற்கு முன்னாலேயே "எனக்கு இன்ன வருடம் வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சிசேரியனும் வயிற்று ஆபரேஷன்தான், கர்ப்பப்பை எடுத்ததும் அப்படித்தான். நம் பெண்கள் பலர் சிசேரியனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2022 ஜனவரி. பனங்கிழங்கு சீசன். அவித்த கிழங்கு ஒரு கட்டு வாங்கி, துணி வெட்டிக்கொண்டே நாலைந்து தின்றிருப்பேன். கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் பிடுங்கியிருந்ததால் சரியாக மெல்லவில்லை, நாரோடு விழுங்கிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பிடி வந்தது, ஆனால் விடவில்லை. முதலில் தின்றது வாந்தியாக வந்தது, அப்புறம் மஞ்சள், விடியற்காலையில் பச்சை. காலையில் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள். வலி அடங்கினது போல இருந்தது. அடங்கியது வலி மட்டும்தான், அடைப்பு அங்கேயே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. மதியம் ஒரு தடவை வயிற்றாலே போயிற்று. சரி, வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் தப்பு. அடைப்புக்குக் கீழே ஏற்கனவே கிடந்தது வெளியே வரத்தான் செய்யும். அடைப்பு முழுதாக இல்லாவிட்டாலும் இளகிப் போகும். அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

சாயங்காலம் மாமி ஒரு டம்ளரில் ஆமணக்கெண்ணெய் கொண்டு வந்தார். "ஏ பிள்ளே, இதக் குடி, எல்லாம் எளகிப் போவும்." பாசத்தில்தான் சொன்னார். குடித்தேன். வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு ராத்திரியை நான் பார்த்ததில்லை. அடைத்திருக்கும் குழாயில் மேலிருந்து மோட்டார் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வயிறு நிறைமாதம் போல ஊதிவிட்டது. இரண்டாவது நாள் காலையில் மாமியும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். மார்த்தாண்டம் போகிற ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் வயிற்றுக்குள் விழுந்தது. ஆகவே இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால் பேதிக்கு எதையும் கொடுக்காதீர்கள், ஆமணக்கெண்ணெய் ஆனாலும் மருந்துக்கடை சிரப் ஆனாலும். சோறும் வேண்டாம், தண்ணீர்கூட வாயை நனைக்கும் அளவுக்குப் போதும். நேராக ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று நான் வீணாக்கியது முழுசாக ஒன்றரை நாள்.

அங்கே டூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். வயிற்றில் கை வைப்பதற்கு முன்னாலேயே தழும்பைப் பார்த்தார். "இது என்ன ஆபரேஷன் அக்கா?" சொன்னேன். "கீழே காத்து பிரியுதா?" எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆட்டோ ஓட்டி வந்தவர் பக்கத்தில் நிற்கிறார். "நேற்று மத்தியானத்திலிருந்து இல்லை" என்றேன். மூன்று வருடத்தில் யாரும் கேட்காத இரண்டு கேள்வி. அந்த இரண்டிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் படிக்கட்டு மாதிரி வரிசையாகத் தண்ணீர் மட்டம் தெரிந்தது, மேலே காற்று, கீழே நீர். சிறுகுடல் அடைப்பு. அப்புறம் கிட்னி தாங்குமா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் கெடவில்லை, எனவே உடனே கத்தி வேண்டாம் என்றார்கள்.

மூக்கு வழியாக ஒரு டியூப் விட்டார்கள். நர்ஸ்கள் வேகமாகச் சொல்வதைக் கேட்டு அது ரைஸ் டியூப், கஞ்சி ஊற்றத்தான் என்று நினைத்தேன். ரைல்ஸ் டியூப். ஊற்றுவதற்கு இல்லை, உறிஞ்சி வெளியே எடுக்க. அது உள்ளே இறங்கும் இரண்டு நிமிடம் கொடுமை, மறைக்கமாட்டேன். கண்ணில் தண்ணீர் வரும், குமட்டும். நர்ஸ் சொல்கிறபோது எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும், தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். இறங்கிய கொஞ்ச நேரத்தில் பையில் பச்சைத் தண்ணீர் ஒன்றரை லிட்டர் நின்றது. அப்போது கிடைத்த நிம்மதியை எந்த ஊசியும் தரவில்லை. வாயில் ஒன்றும் இல்லை, டிரிப்ஸ், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்ததற்கு மருந்து, மூத்திரத்தை அளக்க ஒரு பை. பொட்டாசியம் குறைந்தால் குடல் இன்னும் சோம்பிப் போகுமாம்.

மறுநாள் காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்தை 100 மில்லி அளவுக்கு டியூப் வழியாக உள்ளே விட்டு, டியூபை அடைத்து வைத்தார்கள். அது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். 24 மணி நேரத்துக்குள் அந்த வெள்ளை பெருங்குடலுக்கு வந்துவிட்டால், ஆபரேஷன் இல்லாமலே சரியாகிற வாய்ப்பு மிக அதிகம். வராவிட்டால் கத்தியைப் பற்றி யோசிப்பார்கள். பொதுவாக இப்படி மூன்று நாள் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பார்களாம், அதுவும் ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாதபோது மட்டும். எனக்கு வெள்ளை வந்தது. அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே காற்றும் பிரிந்தது. வார்டில் ஆறு பேர் படுத்திருந்தோம், நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிர்க் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "என்ன மக்களே, பிள்ள பெத்தியா?" என்றார். ஐந்தாவது நாள் டிஸ்சார்ஜ். பில் 31,400.

கிளம்பும்போது அந்த டாக்டரிடம் கேட்டேன், உள்ளே என்னதான் ஆயிற்று என்று. குடலையும் வயிற்றின் உட்சுவரையும் மூடி வழுவழுப்பாக ஒரு சவ்வு இருக்கிறது, பெரிட்டோனியம் என்பார்கள். அது இருப்பதால்தான் குடல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடுகிறது. ஆபரேஷனில் கைபட்டும், காற்றில் காய்ந்தும், ரத்தமோ சீழோ தேங்கியும் அது புண்ணாகும்போது, உடம்பு பசை மாதிரி ஒன்றைச் சுரக்கிறது. பல இடத்தில் அந்தப் பசையைச் சில நாளில் உடம்பே கரைத்துவிடும். கரையாத இடத்தில் ஒரு வாரத்துக்குள் நாராகி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். என் பாஷையில் சொன்னால், லைனிங் வைத்துத் தைக்கும்போது தெரியாமல் ஒரு தையல் மேல்துணியையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் அந்த இடம் சுருங்கி இழுக்குமே, அதேதான். அப்பெண்டிக்ஸ் வெடித்துச் சீழ் பரவிய வயிற்றில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

என் மகள் அப்போது பிளஸ் டூ. இப்போது நர்சிங் படிக்கிறாள். அவள் பிறகு படித்துச் சொன்னது, வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் ஒட்டல் இருக்குமாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சாகும்வரை ஒரு தொந்தரவும் வராது. ஆகவே தழும்பு இருக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துப் பயந்துபோக வேண்டாம். ஆனால் ஸ்காட்லாந்தில் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவர், ஒட்டலோடு சம்பந்தம் இருக்கலாம் என்று கருதத்தக்க காரணத்துக்காகத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள், சராசரியாக இரண்டு முறை. சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே இதுதான். பெண்களுக்குக் கருக்குழாயைச் சுற்றி ஒட்டினால் குழந்தை தங்காமல் போவதும் உண்டு. ஒட்டல் நார் ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது என்பதையும் அவள்தான் விளக்கினாள். அடைப்பு நடக்கும் நேரத்தில் குடல் வீங்குவது தெரியும், மற்ற நேரத்தில் எடுத்தால் எல்லாம் நார்மல். நான் வலி போன பிறகு, சாவகாசமாக, வெறும் வயிற்றோடு போய் எடுத்த மூன்று ஸ்கேனும் அதனால்தான் ஒன்றும் காட்டவில்லை. 

இது தெரிந்த பிறகு எனக்கு எண்ணெய்த் தடவல் மேல் இருந்த நம்பிக்கையும் போயிற்று. ஒரு வாரத்தில் நாராகி ரத்தக் குழாயே ஓடுகிற ஒரு ஒட்டலை ஆறு வருடம் கழித்து வெளியிலிருந்து தடவிக் கரைக்க முடியாது. கரைக்கும் மாத்திரை என்றும் ஒன்று நிரூபணமாகவில்லை. மஞ்சள், கற்றாழைச் சாறு, வீக்கம் குறைக்கும் என்சைம் மாத்திரை என்று எனக்கு வந்த யோசனைகளுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

அடுத்த ஒன்றரை வருடம் சாப்பாட்டில் கவனமாக இருந்தேன். அப்படியும் 2023-ல் திரும்ப வந்தது. ஜூலை 31-ஆம் தேதியோடு மேற்குக் கடல் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் இறங்கியிருந்தது, இவரும் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. இந்தத் தடவை வலியின் குணமே வேறு. ஏறி இறங்கவில்லை, ஏறி அங்கேயே நின்றது. காய்ச்சல் அடித்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வயிறு பலகை மாதிரி ஆகி, தொட்டால் உயிர் போயிற்று. அலை அலையாக வரும் வலி நிற்காத வலியாக மாறினால் குடல் நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றுகொண்டிருக்கலாம் என்று அர்த்தம். அப்போது கணக்கு நாளில் இல்லை, மணியில். இதை ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு 108-ஐக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எல்லாம் நானே போட்டேன். கை நடுங்கியதில் என் பேரை எனக்கே படிக்க முடியவில்லை.

முதலில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்தார்கள். பழைய தழும்புக்கு நேர் கீழே குடல் ஒட்டியிருந்ததால், துளை வழியாகச் செய்தால் குடல் கிழியும் என்று பழைய இடத்திலேயே திறந்தார்கள். உள்ளே பாதி இடம் சுத்தமாக இருந்ததாம். ஒரே ஒரு நார், சுண்டு விரல் தடிமன்கூட இல்லை, ஒரு சுற்றுக் குடலைச் சுருக்குப் போட்டுப் பிடித்திருந்தது. அதை வெட்டி விட்டதும் கறுத்திருந்த குடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது என்று சர்ஜன் சொன்னார். குடலை வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் ஒரு முழம் போயிருக்கும்.

பில் 1,46,000. மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தேன், மீதியை அண்ணன் கொடுத்தான். பத்து வாரம் மெஷின் பெடலில் கால் வைக்கவில்லை, அதில் 20,000 ரூபாய் வருமானம் போயிற்று. கிறிஸ்துமஸ் துணிக்கு முன்பணம் கொடுத்த நாலு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எரிச்சல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் சேரலாம். 2022-ல் படுத்து எழுந்த உடனேயே எடுத்திருக்கவேண்டிய அட்டை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க அலையணும் என்று தள்ளிப்போட்டேன். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்கு ரேஷன் கார்டு, ஆதாரோடு நான் போய் நின்றது 2023 டிசம்பரில், எல்லாம் முடிந்த பிறகு. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிதானா, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் சேரும்போதே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்கவேண்டும். பில் போட்ட பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலும் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் தனியாகப் போகவேண்டுமே என்ற பயத்தில்தான் அங்கே போகவில்லை. 108 என்னைத் தனியாக விட்டுவிட்டு ஓடியிருக்காது என்பது இப்போது தோன்றுகிறது.

2024-ல் என் மைனிக்கு (மதினிக்கு) கட்டிக்காகக் கர்ப்பப்பை எடுக்கவேண்டி வந்தது. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். இது அவசர ஆபரேஷன் இல்லை, நாள் குறித்துச் செய்வது. கேட்க நேரம் இருக்கிறது. துளை போட்டுச் செய்ய முடியுமா? முடியும் என்றார் டாக்டர், திறப்பதைவிட ஒட்டல் குறைவாக இருக்கும் என்றும் சொன்னார். கையுறையில் பவுடர் உண்டா? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு சிரித்தார். பவுடர் இல்லாததுதான் என்றார். அந்த மாவு உள்ளே விழுந்தாலும் ஒட்டல் வரும். அமெரிக்காவில் பவுடர் கையுறையை 2017-ல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டாமல் இருக்க நடுவில் ஏதாவது வைப்பீர்களா? அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்து விளக்கினார். ஹையலூரோனிக் அமிலம் சேர்த்த மெல்லிய தாள் ஒன்று இருக்கிறது, செல்லுலோஸ் துணி ஒன்று இருக்கிறது, வயிற்றுக்குள் ஊற்றிவிடும் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் ஒன்று இருக்கிறது. புண் ஆறும் வரைக்கும் இரண்டு பரப்பையும் பிரித்து வைத்துவிட்டுத் தானாகக் கரைந்துபோகும். துணி வகைக்கு ரத்தக் கசிவு சுத்தமாக நின்றிருக்கவேண்டும், குடலை வெட்டித் தைத்த இடத்தில் தாளைச் சுற்றக் கூடாது. ஒட்டலைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது, விலையும் அதிகம். மைனிக்குத் தேவைப்படாது என்றார். ரத்தத்தைச் சுத்தமாக நிறுத்துவது, குடலைக் காயவிடாமல் ஈரமாக வைப்பது, தேவையில்லாமல் தொடாமல் இருப்பது, இந்த மூன்றும்தான் பெரிய தடுப்பு, அது சர்ஜன் கையில் இருக்கிறது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடந்தால் ஒட்டாது என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. குடல் சீக்கிரம் விழித்துக்கொள்ளவும் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் நடை நல்லது, அவ்வளவுதான்.

சிலருக்கு அடைப்பு இல்லாமல் நாள்பட்ட வலி மட்டும் இருக்கும். அவர்களிடம் "ஒட்டலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நெதர்லாந்தில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், கேமரா வழியாக ஒட்டலை வெட்டியவர்களையும் கேமராவை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களையும் ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்திருந்தது. வெட்டிய இடத்தில் திரும்ப ஒட்டும், வெட்டும்போது குடல் கிழியும் அபாயமும் உண்டு. தையலைப் பிரிக்கிறபோது துணி கிழிவது எனக்குத் தெரியாததா!

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. ஆபரேஷன் செய்த எல்லாரும் பத்தியம் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னைப் போல அடைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும். முதல் ஆறு வாரம் குழைந்த சோறு, இடியாப்பம், முட்டை, முள் எடுத்த மீன், நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம். இப்போது கீரையும் காயும் சாப்பிடுகிறேன், தண்டை நீக்கி நன்றாக வேகவைத்து. பனங்கிழங்கை அடியோடு விட்டுவிட்டேன். சக்கைப் பழம் (பலா) என்றால் சுளையை மட்டும், நார் இல்லாமல், இரண்டோ மூன்றோ. ஆரஞ்சின் வெள்ளைத் தோலும் முருங்கைச் சக்கையும் உள்ளே போவதில்லை. மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) நடுநரம்பு எடுத்து மசித்துத் தின்கிறேன், மீன்கறியோடு. அதையும் விடச் சொல்லியிருந்தால் ஊரை விட்டே போயிருப்பேன். எல்லாவற்றையும்விட உருப்படியாகச் செய்தது, 7,000 ரூபாய் செலவில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கட்டிக்கொண்டது. மெல்ல முடியாதவர்களுக்குத்தான் நார் உருண்டையாகிக் குடலில் சிக்கும் என்று பல் டாக்டருக்கே தெரிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள். என் 2013 நோட்ஸைத் தேடிப் போனபோது பழைய ஃபைல் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது என் போன் கவருக்குள் ஒரு அட்டை இருக்கிறது: 2013 அப்பெண்டிக்ஸ், 2022 அடைப்பு, 2023 ஒட்டல் வெட்டியது, அண்ணன் நம்பர், ரத்த வகை. லேமினேஷனுக்குப் பத்து ரூபாய்.

போன மாதம் ஒரு ராத்திரி லேசாகப் பிடித்தது. இவர் கடலில். வாந்தி இல்லை, வயிறு ஊதவில்லை. இப்படி வந்தால் கெட்டியாக ஒன்றும் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து நாலைந்து மணி நேரம் பார்க்கலாம், வாந்தி எடுத்தாலோ வலி விடாமல் நின்றாலோ உடனே கிளம்பணும் என்று சர்ஜன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பையை எடுத்துக் கதவோரம் வைத்தேன். மகளுக்கு ஹாஸ்டலுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். மாமி எழுந்து வந்து, "காத்து போச்சா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அவருக்கும் முதல் கேள்வி அதுதான். மூன்றே முக்காலுக்குப் போயிற்று. மாமி சிலுவை போட்டுக்கொண்டு படுக்கப் போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை, லைட்டைப் போட்டு, பாதியில் கிடந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன்.